தவளைக்கு நாத்தனார்

உலகத்தில் பாதிக் குழப்பம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களால்தான் வருகிறது என்பது என் கருத்து. பழையவர்கள் சொன்ன வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். புதியவர்கள்தான் சொல்லாததையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். நான் புதியவளாக இருந்த வருடம் மூன்றாம் வகுப்புக்குத் தவளையைப் பற்றி நடத்தச் சொன்னார்கள். நடத்தினேன். கூடவே ஒரு ஊரின் கடலையையும் நனைத்தேன்.

ஆலங்குடியிலிருந்து மினி பஸ் போகிற ஊர்களில் அதுவும் ஒன்று. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். எனக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். ஆலங்குடியில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் மினி பஸ்ஸில் போய் வந்தேன். பள்ளிக்கூடத்தில் மொத்தம் இரண்டு பேர்: தலைமையாசிரியரும் நானும். அவர் அரசாங்கம் போட்டவர், நான் பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்டவள். அதாவது தற்காலிகம். ஊர் நினைத்தால் இருக்கலாம், நினைக்காவிட்டால் வாசலில் மினி பஸ் நிற்கும்.

காலாண்டு லீவுக்கு முன்னால் கூட்டம் போட்டு என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக இருந்தார்கள். வேண்டாம் என்றால் திருச்சியில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ அந்தப் பிள்ளைகளை விட்டுப் போக மனசே இல்லை. எனவே கூட்டத்துக்கு முன்னால் ஏதாவது பெரிதாகச் செய்து, 'டீச்சர்னா இவுகதான்யா' என்று ஊரையே சொல்ல வைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். (சொன்னார்கள். சொன்ன விதம்தான் வேறு.)

அன்றைக்குத் தலைமையாசிரியர் மீட்டிங்குக்காகப் புதுக்கோட்டை போயிருந்தார். பள்ளிக்கூடம் முழுக்க என் ராஜ்ஜியம். முட்டை, தலைப்பிரட்டை, வால் சுருங்குவது, கால் முளைப்பது எல்லாவற்றையும் கரும்பலகையில் படம் போட்டு நடத்தி முடித்தேன். அடுத்தது விளையாட்டு. அட்டையில் தவளை வெட்டி, தலையில் ஓட்டை போட்டு, நூல் கோக்க வேண்டும். நூலின் ஒரு முனையை பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிள்ளை பிடித்துக்கொண்டு சுண்டினால் தவளை தத்தித் தத்திப் போகும். யார் தவளை முதலில் பெஞ்சைத் தொடுகிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். செலவு கிடையாது, சத்தம் மட்டும்தான்.

அட்டைக்கு எங்கே போவது? சித்தி வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன. நல்ல கெட்டி அட்டை. அள்ளிக்கொண்டு வந்து, வெளிப்பக்கம் பச்சை பெயின்ட் அடித்து, இரவெல்லாம் காய வைத்து வெட்டினேன். உட்பக்கத்தில் அச்சடித்திருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். வயிற்றை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நூலுக்குக் கடையில் மஞ்சள் கண்டுதான் இருந்தது. சரி, எந்த நிறமாக இருந்தால் என்ன?

பந்தயம் பிரமாதமாகத்தான் ஆரம்பித்தது. பாதி வழியில் கவின் தவளையும் தர்ஷினி தவளையும் மோதிக் கவிழ்ந்தன. கவின் சாதுப் பையன். தர்ஷினி கழகத் தலைவர் செல்லையா அண்ணனின் மகள், எதையும் எழுத்துக் கூட்டி வாசிக்காமல் விட மாட்டாள். குனிந்து இரண்டு வயிற்றையும் வாசித்தாள்.

"டீச்சர்! இது திருநிறைச்செல்வன். இது திருநிறைச்செல்வி. ரெண்டும் ஒரே பத்திரிகை டீச்சர்!"

வகுப்பே எழுந்துவிட்டது.

"அப்ப இதுக ரெண்டுக்கும் கல்யாணமா டீச்சர்?"

இந்த இடத்தில் ஒரு பழைய டீச்சர் "ஒக்காருங்க எல்லாரும்" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார். நான் போடவில்லை. பிள்ளை எந்தப் பக்கம் போகிறதோ பாடமும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று பயிற்சியில் படித்திருந்தேனே! உடனே பாடத்தை அந்தப் பக்கம் ஓட்டினேன். ஆண் தவளைதான் கத்தும், பெண் தவளை அந்தச் சத்தத்தைக் கேட்டு மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் என்று விளக்கிவிட்டு, "எங்க, பசங்கள்லாம் தவளை மாதிரி கத்துங்க பாப்போம்" என்றேன். கத்தினார்கள். ஓடு அதிர்ந்தது.

"முகூர்த்த நேரம் தாண்டிருச்சு டீச்சர், சீக்கிரம்" என்று தர்ஷினி தவளை வயிற்றைப் பார்த்து அவசரப்படுத்தினாள். மஞ்சள் நூலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். கவின் முதல் முடிச்சைப் போட்டான், அடுத்ததையும் போட்டான். மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சி, அதாவது பெண்ணுக்கு நாத்தனார், போட வேண்டியது. யார் நாத்தனார் என்று சண்டை வந்துவிட்டது. சண்டையைத் தீர்க்க நானே உட்கார்ந்து முடிச்சைப் போட்டேன். பெண் பிள்ளைகள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள்.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. வெளியிலிருந்து பதில் குலவை கேட்டது.

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஊர்க்களம். கடலை பறித்து முடிகிற சமயம். களம் கொள்ளாமல் தார் ரோடு வரைக்கும் காய் பரத்திக் கிடந்தது. ஒரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எங்கே குலவை கேட்டாலும் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நாக்கு சும்மா இருக்காது. கை கடலையில் இருக்க, வாய் தன்பாட்டுக்குப் பதில் குலவை போட்டுவிட்டது. போட்டு முடித்த பிறகுதான் எதற்குப் போட்டோம் என்று யோசித்தார்கள்போலும்.

நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஊரே சேர்ந்து கொண்டாடுகிறது! நான் முடிச்சுப் போட்டதையும் குலவையையும் ஒரு பையன் என் செல்போனில் வீடியோ எடுத்திருந்தான். அதில் நாதஸ்வரம் சேர்த்து, 'விளையாட்டு வழிக் கற்றல்' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

முதலில் வந்தது செல்லையா அண்ணனின் போன். ஆலங்குடியில் ஏதோ வேலையாக நின்றவர் ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறார்.

"டீச்சர், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"நல்லா இருக்காண்ணே?" என்றேன், குரலில் தேன் ஒழுக. என் ஆயுசில் கேட்ட கேள்விகளிலேயே முட்டாள்தனமானது அதுதான்.

"தவளைக்குக் கல்யாணம் பண்ணுனா மழை வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா? அங்கிட்டு ஊரு கடலை பூராம் காயுது!"

எனக்கு அது தெரியும். பஞ்ச காலத்தில் ஊர்கூடிச் செய்கிற சடங்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் சடங்குக்குத் தவளையும் உயிரோடு, அர்த்தமும் உயிரோடு இருக்க வேண்டாமா? பெயின்ட் அடித்த அட்டைக்குக்கூடவா மழை வரும்? நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் வள்ளிக்கண்ணு அக்கா நின்றார். செல்லையா அண்ணனின் மனைவி. பின்னால் காய் ஆய்ந்த பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே கன்னங்கரேலென்று இருந்தது.

"இது வெப்பச் சலனம்க்கா. டிவியில சொன்னாங்க" என்றேன்.

"அந்தச் சலனம் நேத்து ஏன் வரலை?" என்றார் வள்ளிக்கண்ணு அக்கா.

நான் பி.எட். படித்தவள். அங்கே இந்தக் கேள்வி வரவில்லை.

"முடிச்ச அவுத்துருவோம். கல்யாணம் இல்லைன்னு ஆயிரும்ல" என்றார் ஒருவர்.

"கட்டுன தாலிய அவுக்குறதா? ஒரு சுமங்கலி பேசுற பேச்சா இது?"

ஒருவர் கையும் நீளவில்லை. அட்டைத் தவளை என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பிறகு எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"நீங்க வேதக்காரவுகதானே டீச்சர். ஒங்களுக்குத் தாலி கிடையாதுல்ல, மோதிரந்தானே? நீங்க அவுத்தா ஒண்ணும் ஆகாது."

"எங்களுக்கும் தாலிதாங்க. கோயில்ல மந்திரிச்சுக் கட்டுவாங்க. அதுவும் எங்கள்ல ஒருக்கா கட்டுனா கட்டுனதுதான், லேசுல பிரிக்க முடியாது" என்றேன், வழக்கம்போல் கேட்டதற்கு மேலே சேர்த்து.

"போச்சு போ" என்று வள்ளிக்கண்ணு அக்கா தலையில் கை வைத்தார். அந்தக் கையின் மேலேயே முதல் துளி விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது. வீட்டுக்கு வீடு கிடந்த பழைய ஃபிளெக்ஸ் பேனர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். தர்ஷினியின் காதுகுத்துப் பேனர் ஒரு குவியலை மூடியது. அதில் அவள் சிரித்துக்கொண்டே நனைந்தாள். நான் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சத்துணவுத் தட்டுகளைக் கையில் கொடுத்தேன். தட்டுத் தட்டாக அள்ளி வகுப்பறைக்குள் கொட்டினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய வேகத்தில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். இரண்டாவது தடவை என் கூடவே ஒரு குவியலும் சரிந்து வாய்க்காலுக்குள் போனது. உதவி செய்யாமல் நான் ஓரமாக நின்றிருந்தால் அந்தக் குவியலாவது மிஞ்சியிருக்கும்.

மழை நின்றபோது ஊர்க் கடலையில் பாதி வகுப்பறைக்குள் இருந்தது. மீதி நனைந்துவிட்டது. வள்ளிக்கண்ணு அக்கா அடுத்த போகத்துக்கு விதைக்கென்று தனியாகப் பொறுக்கிக் காய வைத்திருந்ததும் நனைந்தவற்றில் ஒன்று. விதைக்காய் நனைந்தால் கறுத்துப்போகும், இல்லை முளைத்துத் தொலையும். அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்தார். ஈரக்காயைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் வறட்டுச் சிரிப்பெல்லாம் போய், அழுகை வந்துவிட்டது. தவளையால் மழை வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு விதை போய்விட்டது என்பதும் தெரியுமே!

கூட்டம் அடுத்த சில நாட்களில் நடந்தது. பள்ளிக்கூடத்தில்தான். தரை முழுக்கக் கடலை பரத்தி ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால், எல்லாரும் சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் பச்சைக் கடலையை வயிறு முட்டத் தின்றுவிட்டு வீட்டில் படுத்திருந்தார்கள். அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது. செல்லையா அண்ணன் போனில் சேமித்து வைத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். நாதஸ்வரம் முழங்க நான் முடிச்சுப் போடுவதை ஊரே உற்றுப் பார்த்தது. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேற டீச்சர் பாத்துக்குவோம்ங்க. படிச்ச புள்ளதான், ஆனா கை சரியில்லை" என்றார் ஒருவர். தலைகள் ஆடின. நான் மனசுக்குள் ஜவுளிக்கடையில் பில் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது வள்ளிக்கண்ணு அக்கா வாய் திறந்தார்.

"அட்டையில வெட்டுன தவளைக்கு முடிச்சுப் போட்டே இவ்வளவு மழை வந்திருக்கு. ஐப்பசியில நம்ம கண்மாய் நெறையணுமா வேணாமா? இவுகளை இங்கிட்டிருந்து அனுப்பிச்சுட்டா, பக்கத்து ஊர்க்காரன் கூட்டிட்டுப் போயிருவான். அப்புறம் நாம நாத்தாங்காலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

ஆடிய தலைகள் இப்போது வேறு பக்கம் ஆடின. செல்லையா அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர் இருக்கட்டும்."

இப்படித்தான் எனக்கு வேலை நிலைத்தது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதை அவ்வளவு அழகாக நடத்தினேனே, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐப்பசியில் மழை வந்தது. அது எல்லா வருடமும் வருவதுதான். என்றாலும் சித்தி வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் வந்தது.

பிறகு எனக்குக் கல்யாணமாகி ஆலங்குடியிலேயே குடித்தனம். மழைக்காலத்தில் வெளியே தவளை கத்தினால் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "மச்சான் வந்துருக்காரு, உள்ள கூப்பிடவா?" என்பார். நான் அந்தத் தவளைக்கு அக்காவோ தங்கச்சியோ ஆகிவிட்டேனே, முறை சரிதான். எங்கள் மகளும் இப்போது தவளையை மாமா என்றுதான் சொல்கிறாள்.

ஊரில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. காய் எல்லாம் காய்ந்து வீடு சேர்ந்த பிறகு செல்லையா அண்ணன் போன் பண்ணுவார்: "டீச்சர், இனிமே தவளைய எடுத்துக்கலாம்." அதுவரைக்கும் அந்தப் பாடத்தை நான் தொடுவதில்லை. போன வருடம் பார்வைக்கு வந்த அதிகாரி என் பாடக்குறிப்பைப் புரட்டிவிட்டு, மற்ற பள்ளிகளில் எல்லாம் தவளை முடிந்துவிட்டதே, இங்கே ஏன் இன்னும் நடத்தவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே எழுந்து பதில் சொன்னது:

"இன்னும் கடலை காயலைங்க சார்!"

அவர் என்னைப் பார்த்தார். பி.எட். படித்தவள் நான். விளக்கம் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க சார். இன்னும் நாலு நல்ல வெயில் வேணும்" என்றேன்.