மேகமூட்டத்துக்கு மஞ்சள்

"ஏனுங்க, உள்ள போயி எவ்வளவு நேரமாச்சு? என்னங்க பண்றீங்க?"

கோகிலவாணி குளியலறைக் கதவைத் தட்டியபோது, அவள் கணவர் தம்பிதுரை உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பல் தேய்க்கும் பேஸ்ட்டால் ஒரு மஞ்சள் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு சரியில்ல கண்ணு."

"பேஸ்ட் வாசமல்ல வருது?"

"பல்லும் சரியில்ல."

கோயமுத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் பட்டறை நடத்தும் தம்பிதுரைக்கு வயிறும் நன்றாகத்தான் இருந்தது, பல்லும் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் சரியில்லை.

காலையில் வெள்ளை வேட்டி தேடி மனைவியின் பீரோவைத் துழாவினார். பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அதன் மேல் பனிமலையில் சறுக்கி வரும் ஒருவனின் படம். உள்ளே பாதி முகத்தை மூடுகிற அளவுக்கு ஒரு கண்ணாடி, தலைக்குப் பின்னால் மாட்ட அகலமான எலாஸ்டிக் பட்டையோடு. அதில் மஞ்சள் லென்ஸ் மாட்டியிருந்தது. கூடவே ஒரு துணிப்பையில் இன்னும் இரண்டு லென்ஸ்கள். ஒன்று கறுப்பு, எதிரில் நிற்பவர் முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தது. இன்னொன்றில் நிறமே இல்லை.

கோகிலவாணி பார்த்த அதிகபட்சக் குளிர் ஊட்டி. அங்கேயும் படகுத்துறையில் தும்மித் தும்மி, "ஊட்டுக்குப் போயிரலாங்க" என்று அன்றைக்கே மலையிறங்க வைத்தவள். அவளுக்கு எதற்குப் பனிக்கண்ணாடி? அதுவும் பட்டுச்சேலைக்கு அடியில்?

போட்டுப் பார்த்தார். மூச்சு பட்டு உள்பக்கம் புகை கட்டியது. துண்டால் துடைத்தார். புகை போனது, கோடுகள் வந்தன. கோடுகளைப் போக்கத்தான் பேஸ்ட். இப்போது கோடுகள் தெரியவில்லை. லென்ஸ் வழியே வேறு எதுவும் தெரியவில்லை.

அன்று மத்தியானமே ஒப்பணக்கார வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அஃப்தாபிடம் பெட்டியோடு போனார்.

"என்ற சிநேகிதருது தம்பி. சித்த என்னன்னு பாரு."

அஃப்தாப் மஞ்சள் லென்ஸை விளக்கில் தூக்கிப் பிடித்தான். முகம் சுருங்கியது.

"யாருங்கண்ணா இதைத் துடைச்சது?"

"சிநேகிதருதான்."

"அவரு கையைக் கட்டிப்போடணுங்க. உள்பக்கம் புகை கட்டாம இருக்க ஒரு பூச்சு இருக்குது. அதைத் தொடவே கூடாது. இவரு எதையோ போட்டுத் தேச்சிருக்காரு."

"தெரியாமப் பண்ணிப்போட்டாரு, நல்ல மனுசன்" என்றார் தம்பிதுரை. "அது கெடக்கட்டும். ஒரு கண்ணாடிக்கு எதுக்கு மூணு லென்சு?"

"பனியில வெளிச்சம் ஒரே மாதிரி இருக்காதுங்கண்ணா. பளீர்னு வெயிலடிச்சா கறுப்பு. மேகம் மூடி மோடம் போட்டா எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும், மேடு எது பள்ளம் எதுன்னு தெரியாது. அதுக்கு மஞ்சள். ராத்திரிக்கும், உள்ளார லைட் வெளிச்சத்துக்கும் இந்த நிறமில்லாதது."

"சும்மா சுத்திப் பாக்கப் போறவங்க இத்தனை வாங்குவாங்களா?"

"அவங்க அங்கயே வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்குவாங்க. வெயிலுக்கு, மோடத்துக்கு, ராத்திரிக்குன்னு மூணும் வாங்கியிருக்காருன்னா, உங்க சிநேகிதரு அங்க போயித் தங்கப் போறாருங்கண்ணா."

தம்பிதுரை பெட்டியை மூடப் போனார்.

"இன்னொண்ணுங்க. இது மூக்குக்கண்ணாடிக்கு மேலயே போட்டுக்கற மாடல். சிநேகிதரு கண்ணாடி போட்டவருங்களா?"

தம்பிதுரை மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. கோகிலவாணியும் போடுவதில்லை. அப்படியானால் போடுகிறவன் யார்?

வீடு திரும்பும் வழியெல்லாம் கோயமுத்தூரில் பாதிப் பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் போட்டிருந்தார். அடுத்த வீட்டு வங்கி மேலாளர் போட்டிருந்தார். கோகிலவாணி தினமும் சாயங்காலம் யோகா வகுப்புக்குப் போகிறாளே, அந்த மாஸ்டர் போட்டிருப்பது சோடாபாட்டில் கண்ணாடி. சத்தியமங்கலத்துத் தோட்டத்தை விற்றதில் அவள் பங்கு அவள் பேரில்தான் இருக்கிறது. கிளம்பிப் போக நினைத்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேட்டுவிடலாம் என்றால், பேஸ்ட் போட்டுத் தேய்த்த லென்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் அதைச் சரிசெய்வோம், பிறகு கேட்போம் என்று முடிவு செய்தார். மஞ்சள் லென்ஸை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், முழு செட்டாகத்தான் வரும் என்று அஃப்தாப் சொல்லியிருந்தான். சரி என்று ஆன்லைனில் முழு செட்டே போட்டார்.

அது அவர் பட்டறையில் இருக்கும்போது வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கோகிலவாணி பெட்டியை நீட்டினாள். பிரித்துப் பார்த்தும் இருந்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இது?"

"பட்டறைக்கு. கல்லுத் தேய்க்கறப்ப தூசி பறக்குதல்ல."

"மூணு கலர்லயா?"

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, மோடம் போட்டா ஒண்ணு."

கோகிலவாணி அவரை உற்றுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கண்ணாடியின் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"எங்கீங்க வாங்குனீங்க? நெறைய எடுத்தாக் கொறைச்சுத் தருவாங்களா?"

நிறையவா? எத்தனை பேர் போகிறார்கள்? தம்பிதுரை அன்று பாதிச் சோற்றில் எழுந்துகொண்டார். அவள் சமையலறையில் இருந்த சமயம் பார்த்துப் பழைய மஞ்சளைக் கழற்றிப் புதிய மஞ்சளைப் பீரோவில் இருந்த கண்ணாடியில் மாட்டினார். ஒரு வேலை முடிந்தது. ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்றப் பட்டறையில் கண்ணாடி போட்டாக வேண்டும்.

மறுநாள் மத்தியானம் கோகிலவாணி சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். ஒருநாளும் வராதவள். அவள் ஆட்டோவை விட்டு இறங்குவதைப் பார்த்த தம்பிதுரை அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். தன் கண்ணைப் பார்த்தால் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று கறுப்பு லென்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

வெளியே வெயில். பட்டறைக்குள் ஒரே ஒரு குழல்விளக்கு. தம்பிதுரைக்கு உலகம் அணைந்து போனது. கையால் துழாவி, ஸ்டூல் என்று நினைத்ததன் மேல் கம்பீரமாக உட்கார்ந்தார்.

"மொதலாளி!" என்று அலறினார் மேஸ்திரி சுப்பண்ணன். "அது இப்பத்தான் பெயிண்ட் அடிச்ச கிரைண்டருங்க!"

"தெரியும் சுப்பண்ணா. காஞ்சுதான்னு பாக்கறேன்."

"காயலீங்க. கண்ணுல ஏதாச்சும் ஆப்பரேசனுங்களா?"

தம்பிதுரை எழுந்தபோது வேட்டியின் பின்புறம் பச்சையாக இருந்தது. கோகிலவாணி அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கவனமெல்லாம் கண்ணாடி மேல் இருந்தது.

"உள்ள வேர்க்குதுங்களா? மூக்குல அமுக்குதுங்களா?" என்று கேட்டவள், அதைக் கழற்றி, மூக்குக்கண்ணாடி போட்டிருந்த சுப்பண்ணன் தலையில் மாட்டினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. கண்ணாடி மேல போட்டா இடிக்குதுங்களா?"

"பஞ்சு மாதிரி இருக்குதுங்க அம்மணி."

"அப்ப இது தேவலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தம்பிதுரை ஒரு கணம் சுப்பண்ணனையே சந்தேகப்பட்டார். மேஸ்திரிக்கு அறுபது வயது. ஃபேன் போட்டாலே ஜலதோஷம் பிடிக்கும். அந்தச் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒன்று உறுதியாகிவிட்டது. கண்ணாடி போட்ட யாரோ ஒருவனுக்கு மூக்கு வலிக்கக் கூடாது என்று தன் மனைவி தவிக்கிறாள். இருபத்தைந்து வருஷத்தில் தன் மூக்கைப் பற்றி அவள் ஒருமுறை கூட விசாரித்ததில்லை.

அடுத்த நாள் பீரோவில் பட்டுச்சேலை இருந்தது, பெட்டி இல்லை.

"யோகாவுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று கோகிலவாணி ஒரு பெரிய பையோடு ஆட்டோவில் ஏறினாள். யோகாவுக்கு ஒரு பாய் போதும்.

தம்பிதுரை சுப்பண்ணனின் மொபெட்டையும் ஹெல்மெட்டையும் முன்பே வாங்கி வைத்திருந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கக் கறுப்பு லென்ஸ் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆட்டோவைப் பின்தொடர்ந்தார். அவிநாசி சாலையில் நாலு மணி வெயில் எதிரே அடித்தது. அந்த லென்ஸ் முதன்முறையாகச் சரியான வெளிச்சத்தில் வேலை செய்தது. சிக்னலில், பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த குழந்தை அதில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. தம்பிதுரைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டோ யோகா வகுப்பைத் தாண்டிப் போய், புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய வணிக வளாகத்தில் நின்றது. கோகிலவாணி மேல்மாடிக்குப் போனாள். அங்கே 'பனித்தோட்டம்' என்று பலகை மாட்டியிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் செயற்கைப் பனி கொட்டிக் கிடந்தது. சறுக்கு மேடு, பிளாஸ்டிக் பென்குயின்கள், நீல விளக்கு. உள்ளே, கழுத்துவரை கோட் போட்ட கோகிலவாணி, உயரமான ஓர் ஆளின் எதிரே நின்று, அவன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கண்ணாடியின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அந்த ஆள் உள்ளே மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்.

"ஒரு டிக்கெட் குடு கண்ணு" என்றார் தம்பிதுரை, டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம். சட்டையில் யுஸ்ரா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள்.

"சார், உள்ள லைட் கம்மிங்க. இந்தக் கறுப்புக் கண்ணாடி வேண்டாங்க. நாங்க வேற தாறோம்."

"எனக்கு இதுதான் பழக்கம்" என்று அவள் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் எல்லாம் இருட்டு. இரண்டு முறை மூச்சு விட்டதும் அந்த இருட்டிலும் புகை கட்டியது. கோகிலவாணியின் சிரிப்புச் சத்தம் கேட்ட திசையில் நடந்தார். தரை மேலே ஏறியது. படி என்று நினைத்து ஏறினார். அது சறுக்கு மேட்டின் பின்பக்கம். உச்சியில் நின்று, "கோகிலா!" என்று கர்ஜித்தார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்யவில்லை. எல்லாம் தானாக நடந்தது. உட்கார்ந்தபடியே கீழே வந்தார். முதல் பென்குயினின் தலை பறந்தது. இரண்டாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்து, பனி தூவும் இயந்திரத்தின் குழாயைப் பிடுங்கி, கண்ணாடிக்காரனின் காலை வாரி, கோகிலவாணியின் காலடியில் வந்து நின்றார். குழாய் அவர் தலையில் நிதானமாகப் பனி பெய்தது.

பணியாளர்கள் ஓடி வந்தார்கள். கோகிலவாணி கையைக் காட்டினாள், நின்றார்கள். குனிந்து அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"இருட்டுக்குள்ள யாராச்சும் கறுப்பு லென்சு போடுவாங்களா? அடிகிடி பட்டுதுங்களா?"

"எனக்கு அடி பட்டா உனக்கென்ன? அவரு மூக்குல பட்டுதான்னு பாரு!" தம்பிதுரை பென்குயினை விடாமல் கத்தினார். "யாரு கோகிலா அந்த ஆளு? எந்த ஊருக்குப் போறீங்க ரெண்டு பேரும்? நான் என்ன கொறை வெச்சேன்?"

விழுந்து கிடந்த ஆள் எழுந்து, பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எதற்கும் நாலடி தள்ளி நின்றார்.

கோகிலவாணி கையிலிருந்த கண்ணாடியை ஓரமாக வைத்தாள். பிறகு கணவரின் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்தாள்.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. கையுறை போட்டுட்டுப் பட்டையை மாட்ட முடியாமத் தவிச்சாரு, மாட்டி உட்டேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "வர்ற கலியாண நாளுக்கு உங்களைக் காஷ்மீரு கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். சொல்லாமச் செய்யணும்னுதான். அங்க போயி ஊட்டியாட்டம் தும்மி மானத்தை வாங்கக் கூடாதேன்னு இங்க வந்து பழகறேன். கண்ணாடி நல்லதாப் பாத்து வாங்கணும்னு ஒண்ணை வாங்கிப் பாத்தேன். அவ்வளவுதானுங்க."

தம்பிதுரை தலையில் இருந்த பனியைத் தட்டினார். பேஸ்ட், பொய், பச்சைப் பெயிண்ட், மொபெட் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. யோகா மாஸ்டரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார்.

"நான் மனுசனே இல்ல கோகிலா."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. எந்திரிங்க, வேட்டி நனைஞ்சு போச்சு. வெளிய போயி நில்லுங்க, கோட்டைக் குடுத்துப்போட்டு வாரேன்."

வெளியே வந்த தம்பிதுரைக்கு மனசு பஞ்சாக இருந்தது. பட்டுச்சேலைக்கு அடியில் அன்பை ஒளித்து வைத்தவளை அல்லவா வேவு பார்த்தோம்! இனி இந்த ஜென்மத்தில் அவளைச் சந்தேகப்படுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். முதல் காரியமாக, அவள் பேர் கெடாமல் இருக்க, உடைத்ததற்கு ஈடு கட்டிவிட வேண்டும். சுவரில் 'பொருள்களைச் சேதப்படுத்தினால் அபராதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நேராக யுஸ்ராவிடம் போனார்.

"கண்ணு, பென்குயின் ரெண்டு, அந்தக் குழாயி. ஒடைச்சது நாந்தான். ஃபைன் எவ்வளவுன்னு சொல்லு."

"அதெல்லாம் வேண்டாங்க சார்."

"வேண்டாம்னா எப்படி? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். போடு."

யுஸ்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "போங்க சார், ஓனர் மேடத்தோட வீட்டுக்காரருக்கே எப்படிங்க ஃபைன் போடறது?"