கொலைகாரன் யாரென்று கிளைமாக்ஸ் அண்ணனுக்குத் தெரியும்

போர்ட் கிள்ளானில் கிளைமாக்ஸ் அண்ணனோடு வேலை பார்த்த யாரும் ஒரு கொலைக்கதையைக்கூட நிம்மதியாகப் படித்து முடித்ததில்லை. நாம் முதல் பிணத்தையே இன்னும் தாண்டியிருக்க மாட்டோம். பின்னால் வந்து நின்று, கொன்றவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பால் கலக்காத தே ஓ குடிக்கப் போவார். அதனால்தான் அந்தப் பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் கிடங்கில் லோரிகளை அனுப்பிவைக்கும் வேலை அவருக்கு. கையில் எப்போதும் ஒரு வாக்கி-டாக்கி. துறைமுக வாசலில் மணிக்கணக்காகக் காத்துக்கிடக்கும் டிரைவர்கள், பொழுதுபோக துப்பறியும் நாவல் வைத்திருப்பார்கள். எந்த லோரியில் எந்தக் கன்டெய்னர் என்பதைவிட, எந்த லோரியில் எந்த நாவல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"முருகேசு, மூணாம் நம்பர் கேட்டுக்குப் போ. சமையல்காரன்தான் விஷம் வச்சான். ஓவர்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு, "இப்பத்தான் அண்ணே ஆரம்பிச்சேன்," என்று வாடிய குரல் ஒன்று வரும்.

கணக்குப் பிரிவு சாந்தி அக்கா ஒருமுறை தன் நாவலுக்குப் பக்திப் புத்தகத்தின் அட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி புத்தகம் படிக்கிறவங்க இப்படி நகம் கடிக்க மாட்டாங்க," என்றார். தோளுக்கு மேலே எட்டி ரெண்டு வரி படித்தார். "அந்தம்மா சாகல சாந்தி. நடிக்குது." அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஏன் அண்ணே இப்படிப் பண்றீங்க என்று நானே கேட்டிருக்கிறேன்.

"தவிச்சுக்கிட்டு இருக்கிறவங்களைப் பார்த்தா மனசு கேக்கல தங்கச்சி," என்றார். அதில் கேலி துளியும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது உதவி.

அப்படியிருக்க, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு தடித்த நாவல் வாங்கினேன். மலைமேல் பங்களா, பணக்காரக் கிழவரின் பிணம், சுற்றிலும் சொத்துக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆபீசில் தலைப்பைச் சொல்லிவிட்டேன். அண்ணனின் கண்கள் மின்னின. "படிச்சாச்சு," என்றார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் ஓடினேன்.

அதற்குப் பிறகு அந்த நாவல் என் அலமாரியிலேயே நின்றது. ஒரு பக்கம் புரட்டினாலும் என் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும், அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவரோ திங்கட்கிழமை தவறாமல் என் மேசைக்கு வருவார்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லண்ணே."

"முதல் எழுத்து மட்டும் சொல்லட்டா?"

"வேணாம்ண்ணே."

"ஆம்பளையா பொம்பளையான்னாவது?"

குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கிடைக்காதவர் மாதிரித் திரும்பிப் போவார்.

ஒரு நாள் காலையில் வாக்கி-டாக்கியில் அவர் குரல் குழறியது. அடுத்த அறையில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. வாசலில் லோரியில் இருந்த முருகேசுவுக்குத்தான் தெரிந்தது. "அண்ணன் பேச்சு சரியில்ல, யாராச்சும் உள்ள போய்ப் பாருங்க," என்று அவர் கத்திய பிறகுதான் ஓடினோம். அண்ணன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பண்டமாரானில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாம் பேசுவதெல்லாம் புரிகிறது, பதில்தான் வாய்க்கு வரவில்லை.

"பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு, இவருக்கே பேசணும்னு ஆசை வரணும்னு சொல்லுது," என்றார் அண்ணி. "எதைச் சொன்னா இவருக்கு ஆசை வரும்?"

எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு, அலமாரியிலிருந்த நாவலைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். அட்டையைப் பார்த்ததும் அவருடைய இடது கை நாற்காலிப் பிடியைத் தட்டியது. நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். கொலைகாரன் பெயரைச் சொல்லாமல் இந்த மனிதரால் எத்தனை அத்தியாயம் தாக்குப்பிடிக்க முடியும்?

தாக்குப்பிடித்தார். ஞாயிறு ஞாயிறாகப் போனேன். "தண்ணி" வந்தது. "போதும்" வந்தது. அண்ணியின் பெயர் வந்த அன்று, அண்ணி அடுப்படிக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கொலைகாரன் பெயர் மட்டும் வரவில்லை. வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன். "தோட்டக்காரன்தான் அண்ணே, எனக்கு நிச்சயமாத் தெரியும்." அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எல்லாம் மறந்துபோச்சு போல," என்றார் அண்ணி, என்னை வழியனுப்பும்போது. "வாங்கச் சொன்ன சாமானை மறப்பாரு, கதையை மறந்ததே இல்ல இவரு." எனக்கும் அந்தப் பயம் வந்திருந்தது. ரயிலில் வீடு வரும்வரை புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

போன ஞாயிறு, கதை முடிய இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஸ்டூலை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டேன்.

"அண்ணே, நானே கேக்குறேன். யாரு கொன்னது? சொல்லிடுங்க."

அவர் உதடு ஒரு பக்கமாக அசைந்தது.

"தெரி... யும்."

"தெரிஞ்சா சொல்லுங்கண்ணே."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"சொல்லிட்டா... நீ... வர மாட்ட லா."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி வாசித்தேன். வழக்கமாக ஓர் அத்தியாயம் முழுக்கப் படிப்பேன். அன்று அரைப் பக்கத்தோடு நிறுத்தி, தொண்டை கட்டியிருக்கு அண்ணே, மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்றேன்.