பின்பாரத்துக்கு ஆள்

‘ஒண்ணும் ஆகாது’ என்றொரு மனித வகை உண்டு. எல்லா ஊரிலும் இருப்பார்கள். ஆனால் அதன் உயர்ந்த ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் கெய்ரோவின் தெற்கு விளிம்பில், மலையை ஒட்டிய எங்கள் பளிங்குப் பட்டறைகளுக்குத்தான் வர வேண்டும். இங்கே மூன்று டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்டை நான்கு டன் கல்லுக்கு அடியில் கொடுத்து ஒருவர் நெம்புவார். கல் எழுவதற்குப் பதிலாக வண்டியின் பின்சக்கரங்கள் எழும். இன்ஜின் முக்கும், முனகும், கரும்புகை விடும். கல்லை இறக்கிவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? தலையை வெளியே நீட்டி, “ரெண்டு பேர் பின்னாடி ஏறி உக்காருங்கப்பா” என்பார். அவரே அவர்.

எங்கள் ஷஹாத்தா உஸ்தா, அதாவது ஷஹாத்தா மேஸ்திரி, அந்த ரகம். வண்டி ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். இருக்கையில் ஒரு பெல்ட் உண்டு. அதைக்கொண்டு தன் மெத்தையை நழுவாமல் கட்டிவைத்திருக்கிறார். கல்லைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது. புறப்படும்போதே லாரி உயரத்துக்குத் தூக்கிக்கொள்வார், அப்புறம் தூக்குகிற நேரம் மிச்சமாம். கேட்டால், இதுவரை கவிழ்ந்ததில்லையே என்பார். நேற்றுவரை சாகாதவன் நாளையும் சாகமாட்டான் என்கிற நியாயம்தான். மறுத்துப் பாருங்கள், முடியாது. மறுக்கிற நீங்களும் நேற்றுவரை சாகாதவர்தானே?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மெல்லிய பளிங்குப் பலகையை விளிம்பு உதிராமல் இறக்குவதில் அவர் கை சுத்தம். அந்தச் சுத்தமே அவரைக் கெடுத்தது.

வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புப் பாளத்தில் ஏறி உட்கார யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுவிட மாட்டார்கள். அதற்கொரு தகுதி உண்டு. பட்டறைகளுக்கு டீ விற்கும் பக்ரிக்கு அந்தத் தகுதி நூற்றிருபது கிலோ இருந்தது. ஷஹாத்தாவின் தங்கை நஜாத்தைக் கட்டியவர். ஒன்பது வருடமாக, “பக்ரி எங்கே?” என்ற குரல் கேட்டதும் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, அமைச்சர் காரில் ஏறுவதுபோல ஏறுவார். வாழ்க்கையில் வேறு எவரும் அவர் இல்லாமல் ஆகாது என்று சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் மருத்துவர் அவருக்குச் சர்க்கரையை நிறுத்தினார். ரொட்டியைப் பாதியாக்கினார். காலையில் எண்ணெய் மிதக்கும் அவரைக்கொட்டைக் கூழையும் பிடுங்கிக்கொண்டார். ஐந்து மாதத்தில் இருபத்தாறு கிலோ போய்விட்டது. பக்ரி யாரிடமும் மூச்சு விடவில்லை. அதே பழைய தொளதொள அங்கி, உள்ளே இரண்டு ஸ்வெட்டர். எடை போனது தெரிந்தால் அந்த இடமும் போய்விடுமே. பின்சக்கரம் முன்பைவிட அதிகமாகத் துள்ளுவதை முதலில் உணர்ந்தவர் அவர்தான். நஜாத் நச்சரித்தாள்: அதில் ஏறாதே, எனக்கு இருப்பது ஒரு புருஷன், மூன்று பிள்ளைகள். அவளிடம் பக்ரி சொன்ன பதில் என்ன தெரியுமா? ஒண்ணும் ஆகாது.

ஒரு வியாழக்கிழமை, மின்யா கல்குவாரியிலிருந்து லாரி வந்தது. நான்கு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான கல். லாரிக்காரர் கீழே இறங்கி, ஃபோர்க்லிஃப்டில் அடித்திருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார்.

“உஸ்தா, இதுல மூணு டன்னுதானே போட்டிருக்கு?”

“அது கம்பெனிக்காரன் பயத்துல எழுதுனது. மூணுன்னு போட்டா நாலு தூக்கும்னு அர்த்தம்.”

“அப்ப நாலுன்னு போட்டிருந்தா?”

“அஞ்சு” என்றார் ஷஹாத்தா, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு பக்ரியைக் கூப்பிட்டார். கூடவே கல் அறுக்கிற இருவர் ஏறினார்கள். அந்தக் கணத்தில் பக்ரியின் வாய்வரை ஒரு வாக்கியம் வந்தது. மச்சான், நான் முன்னமாதிரி இல்ல. நாலே சொல். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டார்.

கல் உயர எழுந்தது. வண்டி நகர்ந்தது. ரம்பத்துத் தண்ணீர் ஓடும் சிறு வாய்க்காலில் இடது முன்சக்கரம் ஒரு சாண் இறங்கியது. ஒரு சாண்தான். பின்பக்கம் மூன்று பேரோடும் ஆகாயத்துக்குப் போனது. கல் முன்னால் சரிந்து விழுந்தது. பாரம் போன வண்டி தொப்பென்று பின்னால் அமர்ந்து, தள்ளாடி, இடதுபக்கமாகப் படுத்தது. மற்ற இருவரும் வலப்பக்கம் குதித்துவிட்டார்கள். ஷஹாத்தா சாய்கிற பக்கமே குதிக்கப் பார்த்தார். நல்லவேளையாகச் செருப்பு மிதியில் சிக்கிக்கொண்டது. குதித்திருந்தால் வண்டி அவர்மேல் படுத்திருக்கும். இடப்பக்கம் விழுந்தவர் பக்ரி ஒருவர்தான். வண்டியின் கூரைக் கம்பி அவர் பாதத்தின் மேல் இறங்கியது. இன்னும் நாலு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் இடுப்பு.

பட்டறையே சேர்ந்து வண்டியைத் தூக்கியது. வெள்ளைச் சேற்றில் கிடந்த பக்ரி, கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கல் உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

மாலையில் ஷஹாத்தா ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். ஸ்வெட்டர்கள் இல்லாத பக்ரியை அன்றுதான் பார்க்கிறார்.

“எளச்சத ஒரு வார்த்த சொல்ல வேணாமா மச்சான்? நான் உன்ன நம்பித்தானே தூக்குனேன்.”

“மன்னிச்சுக்க மச்சான்” என்றார் பக்ரி. நிஜமாகவே வெட்கப்பட்டார்.

நஜாத் ஆரஞ்சை உரிப்பதை நிறுத்தினாள். “ஏண்ணே, கல்ல எடை போட்ட. வண்டிய எடை போட்ட. ஒம்போது வருஷத்துல இந்த மனுஷன ஒரு தடவ நிறுத்திப் பாத்தியா?”

ஷஹாத்தா நெடுநேரம் யோசித்தார். அவர் யோசிப்பதை அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. முடிவில் சொன்னார்: “நீ சொல்றதும் சரிதான். இனிமே நாலு பேரா ஏத்துறேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் இல்லை, தெரியும். ஆனாலும் உங்களால் ஆகாத பாரம் ஒன்றை இத்தனை காலம் உயரத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, அது எப்படி இன்னும் கவிழவில்லை? யாரோ பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வாய் திறந்து சொல்லமாட்டார். சக்கரம் இறங்குவதற்குள் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், ஆள் இளைத்திருக்கலாம்.