செம்மநத்தத்தில் பதினோரு பேர்

நான் பெரிய புத்திசாலி என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. மொத்தம் எட்டு மாதம். சேலத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த அன்று ஆரம்பித்து, என் தங்கை தாமரையின் கல்யாணத்தன்று காலையில் முடிந்துபோனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். தெரிந்தவர்களின் பெயர், ஊர், யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும், எல்லாம் அவருடைய தடித்த நோட்டு ஒன்றில் இருக்கும். ஒரு பெயரைத் தேட அரை மணி நேரம் புரட்டுவார். கல்யாணம் நிச்சயமானதும் நான் களத்தில் குதித்தேன். எஸ்டேட் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, நோட்டு முழுவதையும் ஏற்றி, தேடிக் கொடுக்கும் வசதியோடு ஒரு புரோகிராம் எழுதினேன்.

"ஊர் பேரை அடிச்சா அந்த ஊர்க்காரங்க அத்தனை பேரும் வந்து நிப்பாங்கப்பா."

"யாரும் உட்டுப் போயிர மாட்டாங்கல்ல?"

"கம்ப்யூட்டருக்கு மறதியே கிடையாதுங்கப்பா." (இதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

செம்மநத்தம் என்று அடித்தேன். பதினோரு பேர் வந்தார்கள். பட்டியலோடு போய்ப் பதினோரு வீட்டிலும் பத்திரிகை வைத்தேன். திரும்பும் வழியில், அதே ஊரில், அப்பாவின் நெடுநாள் சிநேகிதர் பெரியண்ணனின் வீடு.

தாமரை பிறந்த மாதமே அம்மா டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன் பிள்ளையோடு சேர்த்து அவளுக்கும் பால் கொடுத்தவர் பெரியண்ணனின் மனைவி பாப்பாத்தியம்மா. அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. இவ்வளவு வேண்டியவர்களை அப்பாவே நேரில் வந்து அழைத்திருப்பார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அப்பாவோ, எல்லாம் பையன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டார்.

"வா சாமி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார் பெரியண்ணன். அவர் பார்வை என் பத்திரிகைப் பைமேலேயே இருந்தது.

"இன்னொரு நாளைக்கு வர்றேனுங்க. இன்னும் நொம்ப ஊடு பாக்கி இருக்குதுங்க."

கல்யாணத்தன்று தாமரை மணவறையில் உட்கார்ந்து மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலியும் கட்டியாயிற்று.

"பெரியண்ணன் எங்கடா?" என்றார் அப்பா.

"நீங்க போய்க் கூப்பிடலீங்களா?"

 அப்பா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் ஆபீசுக்கு ஓடினேன். அப்பா தன் நோட்டில் மிக நெருங்கியவர்களைத்தான் முதலில் எழுதியிருந்தார். முதல் பெயரே பெரியண்ணன். புரோகிராமைச் சோதிக்க நான் முதலில் ஏற்றியதும் அதைத்தான். அன்றைக்குச் செம்மநத்தத்தை ஆங்கில 'சி'யில் ஆரம்பித்து அடித்திருக்கிறேன். அடுத்த வாரம் 'எஸ்'தான் பார்க்க லட்சணம் என்று மாறிவிட்டேன். ஓர் எழுத்து பிசகினாலும் ஆளையே தெரியாது என்று கைவிரித்துவிடும் என் புரோகிராம். (அந்தக் கறாருக்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.)

பெண் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அன்றே செம்மநத்தம் போனோம். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, பதினோரு ஊட்டுக்கு வழி தெரிஞ்ச தம்பிக்கு எங்க ஊடு மட்டும் தெரியலீங்களா?" என்றார் பாப்பாத்தியம்மா.

நான் 'சி'க்கும் 'எஸ்'ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தேன். அப்பா என் காலை மிதித்தார்.

பாப்பாத்தியம்மா உள்ளே போய் ஒரு மாம்பழ நிறப் புடவையை எடுத்து வந்தார். "முகூர்த்தத்துக்குக் குடுக்கோணும்னு எடுத்து வெச்சேன் கண்ணு. இப்பவாச்சும் கட்டிக்க."

தாமரை அங்கேயே அதைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் புடவை இல்லை. அதைக் கொடுத்தவரும் இல்லை.

இப்போதும் நான் செம்மநத்தம் போனால், எப்போதும் என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிற பாப்பாத்தியம்மா வாசலிலேயே மறித்து, "யாருங்க நீங்க? பேரச் சொல்லுங்க, நம்ம நோட்டுல இருக்குதான்னு பாத்துட்டு உள்ள உடறேன்" என்பார். அவர் மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கூட வந்த தாமரை எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

பெரியண்ணன் மட்டும், மிளகுக்கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார்.