சாம்பல் செய்த லாகின்

லிங்கராஜபுரத்தில் பேக்கரி மாடியில் இருக்கும் பிரயாண சாமியைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். சாமி கை வைத்தால் விசா மறுக்கப்படாது, பெட்டி தொலையாது, விமானத்துக்கு மேகமே ஒதுங்கி வழிவிடும் என்று பேச்சு. வரிசையில் பாதிப் பேர் பகலெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காவல் காக்கும் ஐ.டி. பிள்ளைகள். அவர்கள் கையிலும் எலுமிச்சம்பழம்.

சடங்கு எளிது. டிக்கெட் எடுத்த ஆப்பின் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் சிவப்பு மையில் சீட்டில் எழுதி, மடித்துக் கொடுக்க வேண்டும். சாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லோரும் பார்க்க வெண்கலச் சட்டியில் எரிப்பார். கணக்கைப் பிடித்த திருஷ்டி அதோடு பொசுங்கிவிடுமாம். சாம்பல் பொட்டலம் பக்தருக்கு.

காக்ஸ் டவுன் நோயலும் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, ஃபாதர் கண்ணில் படாமல் வந்து எழுதிக் கொடுத்திருந்தார். ஏ.டி.எம். நம்பரை முப்பது வருடமாகக் கட்டின மனைவிக்கே சொல்லாத மனிதர் அவர். எரிக்கப்போகிற சீட்டில் என்ன ரகசியம் என்பது அவர் கட்சி. மஸ்கட்டில் மகள் நிக்கோலுக்குத் தலைப்பிரசவம். இருபதாம் தேதிக்குள் பெற்றவர்கள் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை முன்ஜாக்கிரதை.

நான்காம் நாள் கணக்கு திறக்கவில்லை. விமானக் கம்பெனியைக் கேட்டால் இரண்டு டிக்கெட்டும் ரத்தாகி, பணமும் வேறு யாருக்கோ திரும்பிவிட்டது என்றார்கள். மகள் தனியாகப் பிரசவ அறைக்குப் போவாளே என்று நினைத்ததும் நோயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடினார். போலீசுக்கு அல்ல, சாமியிடம். சாமி கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, இது வலுவான திருஷ்டி, பெரிய சடங்கு வேண்டும், காணிக்கையும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றார். தன் கணக்கும் இப்படித்தான் பறிபோனது, சாமிதான் மீட்டுத் தந்தார் என்று பக்கத்தில் நின்ற சஞ்சய் என்கிற ஐ.டி. பையன் சாட்சி சொன்னான். பறித்தது யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிறவனுக்கு அந்த வரிசையில் என்ன வேலை?

வீட்டில் மனைவி டோரீன் சயின்ஸ் டீச்சர். முதல் காரியமாக அந்த ஆப்பின் ஹெல்ப்லைனுக்குப் பேசிக் கணக்கை முடக்க வைத்தாள். பிறகு புருஷனை உட்கார வைத்தாள்.

“பாஸ்வேர்டை யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் சொல்லல டோரீன். சீட்டைத்தான் சாமி எரிச்சிட்டாரே.”

“எரிஞ்சது உங்க சீட்டுதான்னு எப்படித் தெரியும்?”

நோயல் யோசித்தார். அந்த மாடிக்குப் போனதிலிருந்து அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு இருவரும் வரிசையில் நின்றார்கள். அன்று காலைதான் டோரீன் புதுக் கணக்கு ஒன்று தொடங்கியிருந்தாள். அதன் பாஸ்வேர்டைப் புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. முப்பது வருடப் பாக்கியைத் தீர்த்தாள். இன்று ராத்திரியே சிங்கப்பூருக்கு பிசினஸ் கிளாஸ் பயணம் என்று சாமி காதில் பவ்யமாகப் போட்டுவைத்தாள். சீட்டு எரிந்தது. சாமி அவசரமாக உள்ளறைக்குத் தியானத்துக்குப் போனார்.

ஐந்தே நிமிடம். டோரீனின் போன் ஒலித்தது. உங்கள் கணக்கில் புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று வந்த எச்சரிக்கையை அவள் கூட்டத்துக்கே வாசித்துக் காட்டினாள்.

“இந்த பாஸ்வேர்டு எனக்கும் அந்தச் சீட்டுக்கும்தான் தெரியும். சீட்டு இதோ சட்டியில சாம்பலா இருக்கு. சாம்பலுக்கு லாகின் பண்ணத் தெரியுமா?”

நோயல் நேராகப் போய் உள்ளறைத் திரையை இழுத்தார். சாமி பத்மாசனத்தில் இருந்தார், மடியில் லேப்டாப். பக்கத்தில் சிவப்பு மைச் சீட்டுகள், ஊர்வாரியாக ரப்பர் பேண்டு போட்டு. மஸ்கட் சீட்டுக்கட்டின் மேலேயே நோயலின் கையெழுத்து தெரிந்தது. இத்தனை நாள் சட்டியில் எரிந்ததெல்லாம் வெற்றுக் காகிதம்.

“தியானத்துக்கு வைஃபை எதுக்கு சாமி?” என்றார் நோயல்.

போலீஸ் வந்தது. புகார் நகலைப் பார்த்த ஆப் கம்பெனி கணக்கைத் திருப்பிக் கொடுத்து, பதினெட்டாம் தேதிக்கே இடமும் போட்டுக் கொடுத்தது. சாமி பிடிபட்ட அன்று மாடிப்படி இறங்கும்போது ஒரு பக்தர், வாங்கி வைத்த சாம்பலை என்ன செய்வது என்று கவலையோடு கேட்டார். பாத்திரம் தேய்க்கலாம் என்றாள் டோரீன்.

இப்போது ஆஸ்டின் டவுனில் ஓ.டி.பி. சாமி ஒருவர் கிளம்பியிருக்கிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். எலுமிச்சம்பழத்தை மறந்தாலும் பரவாயில்லை. ‘எப்படித் தெரியும்?’ என்று டோரீன் கேட்ட கேள்வியை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.