முன்வரிசை அக்காவின் கோட்டு

பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ ஓங்கித் தட்டினார்கள். கடையே அதிர்ந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த முன்வரிசை அக்கா, விரலை ஊசிக்குக் கொடுக்காமல் மயிரிழையில் தப்பினாள்.

குனிந்து உள்ளே வந்தவர் பல் டாக்டர். ரசிகர் மன்றத்தின் செயலாளர். க்ளினிக்கில் யாரையோ வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, 'துரு' கடைசிக் கச்சேரி பண்ணப் போறாங்க. நம்ம ஊர்லதான்."

'துரு' என்கிற ராக் குழு முப்பது வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. பாடகருக்கு முடி போய், கிடார்காரருக்கு இடுப்பு போய், சத்தம் மட்டும் போகாத குழு.

"முதல் கச்சேரியைப் பார்த்த ரசிகர் ஒருத்தரை மேடையில ஏத்தி, முதல் பாட்டை அறிவிக்கச் சொல்லப் போறாங்களாம். உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் அக்கா.

சந்தோஷத்தில் சின்னச் சிக்கல் ஒன்று இருந்தது. அக்கா அந்தக் கச்சேரிக்குப் போகவே இல்லை.

கிளம்பினாள், அது உண்மை. தலை வாரி, செருப்பு மாட்டி, வாசலுக்கு வந்தபோது அப்பா கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பொம்பளைப் பிள்ளை போற இடமா அது?" மறுநாள் தோழிகள் கேட்டபோது, "போனேனே, முன்வரிசை" என்றாள். அதற்குப் பிறகு வந்த ஒரு கச்சேரியையும் விட்டதில்லை. சொன்ன வார்த்தையையும் வாபஸ் வாங்கவில்லை. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

"ஏதாவது அத்தாட்சி கேக்கறாங்க அக்கா. டிக்கெட், போட்டோ..."

"அன்னிக்குப் போட்டுட்டுப் போன ஜீன்ஸ் கோட்டு இருக்கு." வாய் முந்திக்கொண்டது. "நானே தைச்சது."

"அது போதும். சாயங்காலம் மன்றத்தோட வர்றேன்."

டாக்டர் போனதும், மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார்.

"எந்தக் கோட்டு?"

"இனிமேதான் தைக்கணும்."

"பேசாம உண்மையைச் சொல்லிடேன்."

"சொன்னா எங்கப்பா ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"மாமா போய்ச் சேர்ந்தே எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அதுக்காக? சாவி இன்னும் அவர்கிட்டயே இருக்கணுமா?"

கணவர் மறுபடி இஸ்திரிப் பெட்டியிடம் போனார். அது அவ்வளவு சூடாக இல்லை.

அக்கா வெட்டினாள், தைத்தாள். உப்புத்தாளால் முழங்கையைத் தேய்த்தாள், டீத்தண்ணீரில் முக்கினாள், பிளீச்சிங் பவுடரைத் தெளித்தாள். மாலைக்குள் கோட்டு பல பஞ்சங்களைப் பார்த்தது போல ஆகிவிட்டது.

மன்றம் வந்தது. கூடவே திரைச்சீலைக் கடைக்காரரும் வந்தார். இரண்டாவது கச்சேரியிலிருந்து பார்க்கிறவர். அக்கா மட்டும் இல்லையென்றால் மேடை அவருக்குத்தான்.

"போட்டுக் காட்டுங்க அக்கா" என்றார், தேன் ஒழுக.

அக்கா போட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. தப்பு அங்கேதான். தொழில் பழக்கத்தில் கை தன் பாட்டுக்கு இன்றைய அளவில் வெட்டிவிட்டிருந்தது.

"அப்பவே இந்த உடம்பா அக்கா?"

"அப்பவே இதேதான்."

திரைச்சீலைக்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே கல்யாணப் போட்டோவில் அக்கா குச்சி மாதிரி நின்றிருந்தாள்.

"அது யாரு?"

உதவி செய்வதாக நினைத்துக் கணவர் குறுக்கே வந்தார். "அது இவ தங்கச்சி."

"பக்கத்துல மாப்பிள்ளையா நிக்கறது?"

கணவர் கொஞ்சம் யோசித்தார். "நான்தான்."

திரைச்சீலைக்காரர் போட்டோவுக்கு இன்னும் கிட்டப் போனார்.

"கோட்டு என்னுது இல்லை" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தி. "பக்கத்துல நின்ன குண்டுப் பையனோடது. மழையில நனையறேன்னு கழட்டிக் கொடுத்தான்."

"நீங்களே தைச்சதுன்னு சொன்னீங்களே?" என்றார் டாக்டர் பாவமாக.

"அவனுக்குத் தைச்சுக் கொடுத்ததே நான்தான்."

கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். "எந்தப் பையன்?"

"கச்சேரி நடந்தது ஹாலுக்குள்ள. அங்க எப்படிங்க மழை?" என்றார் திரைச்சீலைக்காரர்.

"கூரை ஒழுகுச்சு."

"அது காங்கிரீட் கூரை."

"காங்கிரீட் ஒழுகாதா? எங்க வீட்டுக்கு வந்து பாருங்க" என்றது பின்னால் ஒரு குரல்.

டாக்டர் கையை உயர்த்தினார். "எதுக்குச் சண்டை? டிரம்ஸ் அண்ணன் பக்கத்து ஓட்டல்லதான் தங்கியிருக்கார். முதல் நாள்லேருந்து குழுவுல இருக்கறவர். அவரையே கேட்டுடுவோம்." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கணவர் அக்காவின் காதோரம் வந்தார். "பின்கதவு திறந்துதான் இருக்கு."

"இருக்கட்டும். நான் எங்கேயும் போறதா இல்லை."

அக்கா கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

டிரம்ஸ்காரர் மனைவியோடு வந்தார். அவர் உட்காரும் முன்பே திரைச்சீலைக்காரர் ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, முதல் கச்சேரி அன்னிக்குக் கூரை ஒழுகுச்சா? முன்வரிசையில இந்த அக்கா பக்கத்துல குண்டுப் பையன் ஒருத்தன் நின்னானா?"

டிரம்ஸ்காரர் அக்காவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் நூல்கண்டுகளில் நிறம் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒழுகுச்சாவா?" என்றார் அவர். "என் டிரம்ஸ் மேலயே கொட்டுச்சுப்பா. அடிக்க அடிக்கத் தண்ணி முன்வரிசை வரைக்கும் தெறிச்சுது. இந்த அம்மா அசையலையே. பக்கத்துல ஒரு குண்டுப் பையன் வேற."

"அப்ப பையன் நிஜம்தானா?" என்றார் கணவர் ஈனஸ்வரத்தில்.

எல்லோரும் கை தட்டினார்கள். திரைச்சீலைக்காரரும் வேறு வழியில்லாமல் தட்டினார். டாக்டர் மேடை அனுமதி அட்டையை அக்காவின் கழுத்தில் மாட்டினார். அக்கா மட்டும் திகைத்து நின்றாள். தான் தைத்த பொய்க்கு இந்த மனிதர் எப்படிக் காஜா எடுத்தார்?

கூட்டம் டிரம்ஸ்காரரைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தது. அவர் மனைவி மெதுவாக மெஷின் பக்கம் வந்து, அக்காவின் கோட்டுக் காலரைச் சரிசெய்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"தைரியமா மேடை ஏறுங்க அக்கா, அன்னிக்கு டிரம்ஸ் அடிக்க வேற ஆளை அனுப்பிட்டு, இவர் என்கூட சினிமாவுக்கு வந்துட்டார்."