அத்தைக்குப் போட்ட ஃபயர்வால்

ஆபீசில் ஃபயர்வால் என் பொறுப்பு. இன்டர்நெட்டிலிருந்து எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று ரூல் போடுவது நான்தான். மேனேஜரே என் மேஜைக்கு வந்து நின்று கேட்பார். வீட்டில் ஃபேனைக் கூட்டி வைப்பதற்கு நான் நின்று கேட்பேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று தீர்மானித்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஃபயர்வாலாக்கி, செருப்பு அலமாரியின் மேல் வைத்தேன். பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் வீட்டு ஃபோன்களின் நடமாட்டம் முழுக்க வரிவரியாக ஓடும். விட்டது பச்சை, தடுத்தது சிவப்பு. திருடர்கள் வராமலிருக்க என்று மனைவியிடம் சொன்னேன். நம் வீட்டில் என்ன இருக்கிறதென்று வரப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் தடுக்க நினைத்தது ஒரே ஒருவரை. என் மாமியாரை. நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வீடியோ காலில் வருவார். மனைவி ஃபோனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைப்பாள். அத்தை என் தட்டைப் பார்ப்பார். மாப்பிள்ளை இரண்டாந்தரம் போட்டுக்கொள்கிறாரே, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று அக்கறையாக விசாரிப்பார். எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் கிடையாது என்று ரூல் போட்டு, 'பராமரிப்பு' என்று கௌரவமாகப் பெயரும் வைத்தேன். வீட்டுக்குள் ஃபோன் சிக்னல் எட்டாது, வைஃபைதான் கதி. அன்று கால் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பிரௌசர் பக்கத்தில் சிவப்பு வரிகள் மளமளவென்று ஏறின. நான் மூன்றாந்தரம் போட்டுக்கொண்டேன்.

அத்தையின் ஊரில் ரோட்டைத் தோண்டியபோது கேபிள் அறுந்துவிட்டதாம், சரிசெய்ய ஒரு மாதமாவது ஆகும் என்று வருத்தமாகச் சொன்னேன். மனைவி நம்பினாள். மறுநாளிலிருந்து கால் போடவே இல்லை. பேசாமல் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரூலை எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் அத்தை. இரண்டு பெட்டிகள்.

"லைன் சரியாகற வரைக்கும் இங்கயே இருன்னு சொன்னா. உங்களுக்கும் ரொம்ப சந்தோஷம்னாளே, மாப்பிள்ளை."

லைன் இப்போதே சரியாகிவிடும் என்று லேப்டாப்புக்கு ஓடினேன். 'பராமரிப்பு' அங்கே இல்லை. மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அதை நான் மறுநாளே எடுத்துட்டேங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பக்கத்தை மூடாமக் குளிக்கப் போயிட்டீங்க. என் ஃபோன் பேருக்கு நேரா ஒரே சிவப்பு. மேல 'பராமரிப்பு'ன்னு இருந்துச்சு, அது ஓரத்துல குப்பைத்தொட்டி படம், அமுக்கிட்டேன்."

போட்ட ரூலை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை நான். ஆபீசில் வேறு யாராவது இப்படி விட்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

"அப்புறம் ஏன் பேசல?"

"பேசினேனே. நீங்க ஆபீஸ் போனப்புறம்." கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவுக்கு முழங்கால் முடியலங்க. தனியா இருக்காங்க. வரச் சொல்லலாமான்னு நேரா கேட்டா இழுப்பீங்க. கேபிள் அறுந்துச்சுன்னு நீங்களே வழி விட்டீங்க. ஒரு மாசம்னும் நீங்களே சொன்னீங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். இரண்டு பெட்டிகளையும் உள்ளே தூக்கி வைத்தேன்.

அன்று சாப்பிடும்போது அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். நேரில் பார்த்தால் இளைத்திருக்கிறேனாம். அவரே அள்ளி வைத்தார். மனசு இளகிப் போனது. அப்போதுதான் தம் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"உங்க வைஃபையை இதுல போட்டுக் கொடுங்க, மாப்பிள்ளை. என் பெரிய பொண்ணு தினம் இந்நேரத்துக்குத்தான் வீடியோல வருவா."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லா ரூலுக்கும் மேலே, அத்தை ஃபோனுக்கென்று பச்சையில் ஒரு ரூல் போட்டேன்.